அறுபடாத நரம்பு

வீட்டுக்குப் பின்னால் புது அறைக்குக் கடைக்கால் போட்டபோது அண்ணன் அளவெடுக்க இரும்பு டேப்பை இழுத்து நீட்டினான். மறுமுனையை யாரும் பிடிக்கவில்லை. பிடிக்காமலேயே டேப் அந்தரத்தில் விறைப்பாக நின்றது. இன்னும் கொஞ்சம் நீட்டினான்; படக்கென்று மடிந்து விழுந்தது. எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. சுருட்டினால் சுருளும், விட்டால் தானே நிமிரும். எங்கள் கல்லூரியில் செய்துகொண்டிருந்த, உள்ளங்கையில் அடங்கும் செயற்கைக்கோளுக்கு இதைவிட நல்ல ஆன்டெனா எது?

இதே யோசனை எனக்கு முன்பே பல பேருக்கு வந்திருக்கிறது என்று மறுநாள் இணையத்தில் பார்த்தேன். முகம் கொஞ்சம் தொங்கிப்போனது. இருந்தாலும், செய்து பார்த்தால்தானே அது நம்முடையது?

டேப் துண்டுகளைச் செயற்கைக்கோள் பெட்டியைச் சுற்றி மடித்து, தூண்டிலுக்குப் போடும் நைலான் நரம்பால் கட்டிவிட வேண்டும். விண்வெளிக்குப் போனதும், நரம்பை ஒட்டியிருக்கும் குட்டி ரெசிஸ்டர் பேட்டரியால் சூடாகி அதை உருக்கி அறுக்கும், டேப் விரியும். விரியாவிட்டால் செயற்கைக்கோள் ஊமை, செவிடும்கூட.

கல்லூரி இருக்கும் வேலூரின் வெயிலில் ஒவ்வொரு முறையும் விரிந்தது. எங்கள் பேராசிரியைக்குத் திருப்தியில்லை. "குளிர்ல விரியட்டும், பார்க்கலாம். இல்லன்னா ரெடிமேடா ஒண்ணு வாங்கிடலாம்" என்றார். குளிர்தானே? மார்கழியில் எங்கள் ஜவ்வாது மலையில் இல்லாத குளிரா? விடுமுறைக்குப் பெட்டியோடு பஸ் ஏறினேன்.

விடிகாலையில், சாமை அடிக்கும் களத்தில் வைத்து ரிமோட்டின் பட்டனை அழுத்தினேன். ரெசிஸ்டர் சூடானது. நரம்பு அறுபடவில்லை. மறுபடி அழுத்தினேன். ம்ஹூம்.

போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு அண்ணி வந்து நின்றாள்.

"இன்னா பாப்பா, உன் டப்பா இன்னும் எழுந்துக்கலயா?"

"காத்து அடிக்குது அண்ணி. சூடு நிக்க மாட்டுது."

"மேல மட்டும் காத்து அடிக்காதா?"

"மேல காத்தே கெடயாது."

"அப்புறம் இன்னா? அங்க போனா விரிஞ்சிக்கும்னு சொல்லிட்டுப் போயேன்!"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வார்த்தைகளைத்தான் நானும் பேராசிரியையிடம் சொல்வதற்காக மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். பழிபோட வாகாகக் காற்று கிடைத்திருந்தது. ஆனால் காற்றுதான் காரணமென்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுப்படியிலிருந்து அண்டாவைத் தூக்கிவந்து, காற்றுப் புகாதபடி பெட்டியின்மேல் கவிழ்த்தேன்.

"அடியே, அது பொங்க வைக்கிற அண்டாடி!"

ரிமோட்டை அழுத்திவிட்டு அண்டாவில் காதை வைத்துக்கொண்டேன். டேப் விரிந்தால் உள்ளே மோதிச் சத்தம் வர வேண்டும். வரவில்லை. தூக்கிப் பார்த்தேன். நரம்பு இளகி, நீண்டு, ரெசிஸ்டரை விட்டு விலகித் தொய்ந்துகிடந்தது. குளிரில் பேட்டரி சோர்ந்து சூடு மெதுவாக ஏறியதில், அறுபட வேண்டிய நரம்பு தப்பித்துக்கொண்டது. மேலேயும் இது இப்படித்தான் நடக்கும். செலவெல்லாம் ஆகி ராக்கெட் கிளம்பிய பிறகு.

பஸ் நிற்கும் மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே ஏறிப் பேராசிரியையிடம் பேசினேன்.

"விரியல மேடம்."

"காத்தா இருக்குமோ?"

"இல்ல மேடம். நரம்பு தொய்யுது."

"சரி, திங்கட்கிழமை வரைக்கும் பாரு" என்றார்.

அண்ணனின் இரண்டு பேனாக்கள் இப்போது எழுதாது. அவற்றின் ஸ்பிரிங்குகளை நரம்பின் இரு முனைகளிலும் மாட்டியிருக்கிறேன்; இளகினாலும் அவை நரம்பை இழுத்து ரெசிஸ்டரோடு ஒட்டவைக்கும் என்று கணக்கு. பேட்டரி நன்றாகச் சோரட்டும் என்று அதை இன்றிரவு பனியில் போட்டுவைப்பேன். உலை வைப்பதற்குள் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று சொல்லி அண்ணி அண்டாவைத் தந்திருக்கிறாள். விடிந்ததும் கவிழ்த்து, அழுத்திவிட்டு, காதை வைத்துக் கேட்கப்போகிறேன்.