கயிற்றின் மறுமுனை

வளைகுடா நாட்டின் ஈசா டவுன் தபால் நிலையத்தில் இன்று புது பெயின்ட் நெடி. முன்பு அரசாங்கச் செலவில் அதன் சுவரில் முத்துக்குளிப்பு ஓவியம் வளர்ந்தபோதும் இதே நெடிதான். துறைமுகத்தில் நீருக்கடியில் வெல்டிங் செய்யும் அப்பா அங்கிருந்த எங்கள் கடிதப் பெட்டியைத் திறக்க வரும்போதெல்லாம், ஓவியர் அவரை நிறுத்தி, கடலடியில் முத்தெடுப்பவனுக்கு அவர் முகத்தையே வரைந்தார். அப்பா கன்னம் உப்ப மூச்சடக்கி நிற்பார், சுற்றிலும் பெட்டிச் சாவிகள் கிணுகிணுக்கும், அம்மா ஓவியத்தில் மேலே, முத்தெடுப்பவனின் கயிறு போய்ச்சேரும் படகையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கயிறு புடிக்கிறவனுக்கு மூஞ்சியே வரையலையேங்க," என்றாள் ஒருநாள்.

"அதுக்கு ஆள் கிடைக்கலையாம்," என்று அப்பா சிரித்தார்.

கடைசிவரை கிடைக்கவில்லை. அந்தக் கோடையில் சைட்டிலும் ஒருநாள், மேலே கயிறு பிடிக்க ஆள் போடாமலே அப்பாவை இறக்கினார்கள். அவர் திரும்ப மேலே வரவில்லை.

இன்று அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கும் பெயின்ட் ரோலர் மேலிருந்து இறங்கி, படகை மறைத்துவிட்டிருந்தது. கீழே அப்பா இன்னும் மூச்சடக்கிக்கொண்டிருந்தார். அவர் இடுப்புக் கயிறு மேலேறி, வெள்ளைக்குள் முடிந்தது.