முப்பத்தேழாவது வரி

மாஜிதாக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் எங்கள் ஆபீசில் வேறு யாரும் எழுதப் போவதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

வடகரைக்காரி, வயது முப்பத்திரண்டு. கணவர் சமீர் சவுதியில், தம்மாமில் இருக்கிறார். "தென்காசிக்குள்ள வேலைன்னா போ. அதுக்கு அங்கிட்டுன்னா பேச்சே கிடையாது" என்று அவர் போட்ட நிபந்தனைக்குள்தான் அவளுடைய உத்தியோகம். சோதனைக்கென்று தனியாக ஆள் வைத்திருக்கும் மென்பொருள் கம்பெனி, எனக்குத் தெரிந்து, ஊரில் எங்களுடையது ஒன்றுதான். இதை விட்டால் அவளுக்கு அடுப்படிதான். இதை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

நாங்கள் பதினான்கு பேர். சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு மருந்துச் சீட்டு எழுதும் மென்பொருள் செய்கிறோம். நான் எழுதுவேன், அவள் உடைப்பாள். அப்படி உடைக்க ஒரு கிறுக்குப் புத்தி வேண்டும், அது அவளிடம் ஏராளமாக இருந்தது. "ஏட்டி செம்பா, செத்துப்போனவருக்கு நாளைக்குக் காலைல பத்து மணிக்கு டோக்கன் குடுக்குதே ஒன் புரோகிராம். பேய்க்கும் வைத்தியம் பாக்கியோ?" என்று ஆபீஸ் கேட்கக் கத்துவாள். எனக்குக் கோபம் வரும். அவள் பிடித்தது ஒருநாளும் தப்பாக இருந்ததில்லை என்பதால் கோபம் இன்னும் கூடும்.

எங்கள் மேனேஜர் பேச்சிராஜ் சார் சென்னையில் ஒரு வாரம் பயிற்சிக்குப் போய்விட்டு இரண்டு பழக்கங்களோடு திரும்பினார். ஒன்று, எண்பத்து நாலு வரித் தாள். ஒவ்வொரு வரியும் ஒரு சோதனை. எல்லாவற்றிலும் டிக் போட்டு மாஜிதாக்கா கையெழுத்திட்டால்தான் மென்பொருளின் புதுப் பதிப்பு, எங்கள் பேச்சில் ரிலீஸ், ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். இரண்டாவது, உழைத்தவர்களை உற்சாகப்படுத்துவது. சாரல் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை ரிலீஸ். தாளில் கையெழுத்து விழுந்ததும் மூன்று மணிக்கு ஆபீஸ் வேன் குற்றாலம் ஐந்தருவிக்குக் குளிக்கக் கிளம்பும்.

எங்களால் கெட்டது இங்கேதான். எண்பத்து நாலு வரியையும் உண்மையாகப் பார்க்க ஒன்றரை நாள் வேண்டும். நாங்களோ வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குத்தான் வேலையை முடித்துக் கொடுப்போம். இரண்டரைக்கு ஆம்பளைகள் தலையில் எண்ணெய் தேய்த்துத் துண்டோடு வேனில் ஏறிவிடுவார்கள். கால் மணிக்கு ஒருதரம் ஹாரன். "மாஜிதாக்கா, தண்ணி நின்னுரப் போவுது!" என்று நானும்தான் கத்தியிருக்கிறேன். அவள் முக்கியமான பத்துப் பன்னிரண்டைப் பார்த்துவிட்டு மீதிக்கு வரிசையாக டிக் போடுவாள். அந்தச் சாரலில் அப்படி ஆறு தாள். அருவிக்கு வந்தாலும் அவள் குளிக்க மாட்டாள். எங்கள் செல்போன்களை எல்லாம் தன் பையில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பாள்.

ஆவணி மாதத் திங்கட்கிழமை ஒன்று. வேலை குறைவு. போன ரிலீஸில் பார்க்காமல் விட்ட வரிகளை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை யாரும் செய்யச் சொல்லவில்லை. முப்பத்தேழாவது வரி: 'குழந்தையின் எடையைத் திருத்தினால் மருந்தளவும் மாறுகிறதா?' மாறவில்லை. எட்டு கிலோ என்று தவறாகப் போட்டுப் பிறகு மூன்று கிலோ என்று திருத்தினாலும், எட்டு கிலோவுக்கான மருந்தே சீட்டில் வந்தது. ஜூன் முதல் ரிலீஸில் நான் எழுதிய பகுதி அது. ஆறு தாளிலும் அந்த வரியில் அவள் டிக் இருந்தது.

"அடுத்த ரிலீஸ்ல சத்தமில்லாம சரி பண்ணிருதேன்க்கா" என்றேன்.

"அதுக்கு இன்னும் பத்து நாள் கெடக்கு. அதுவரைக்கும் பிள்ளைகளுக்கு?"

"இன்னைக்கே அனுப்பணும்னா காரணம் எழுதணும். எழுதுனா ஒங்க டிக்கெல்லாம் வெளிய வரும்."

அவள் போனை எடுத்து, பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கும் மூன்று ஆஸ்பத்திரிகளையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். "எடையத் திருத்துனா மருந்தளவ நீங்களே கணக்குப் போட்டுக்கிடுங்க. எங்க தப்புதான்." மூன்றாவது ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "போன மாசமே ஒரு சீட்டு அப்படி வந்துச்சும்மா. பிள்ளை கையளவு இருந்துச்சு, மருந்து கூடுதலாத் தெரிஞ்சுது. சந்தேகப்பட்டுக் கிழிச்சுப் போட்டேன்." மாஜிதாக்கா மேசையில் தலை சாய்த்துவிட்டாள்.

மாலைக்குள் விஷயம் பேச்சிராஜ் சாருக்குப் போய்விட்டது. அன்றைக்கே திருத்தி அனுப்பினோம். பிரச்சினை அதோடு முடியவில்லை. வியாழக்கிழமை கம்பெனிக்குத் தரச் சான்றிதழ் கொடுக்கலாமா என்று பார்க்க மதுரையிலிருந்து ஓர் அம்மா வருவதாக இருந்தது. "தாளப் பத்தி எதுவும் பேச வேண்டாம் மாஜிதா. கேட்டா, பாத்தேன், கவனிக்கலைன்னு சொல்லிரு. ஒரு வார்த்தைதானே, ஒனக்கும் நல்லது" என்றார் சார். அவர் மிரட்டவில்லை, கெஞ்சினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவருக்கும் பயம் இருக்கத்தானே செய்யும்.

வியாழக்கிழமை அந்த அம்மா ஆறு தாளையும் பரப்பி வைத்துக் கேட்டார். "இந்த டிக் எல்லாம் நீங்க போட்டதா?"

"டிக் நான் போட்டது. ஆனா பாக்கலை" என்றாள் மாஜிதாக்கா. "பாக்க நேரம் குடுக்கலை. குடுங்கன்னு நானும் கேக்கலை."

அந்தப் பகுதியை எழுதியது யார் என்று அவர் அடுத்துக் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமே என்றுதான். அவளுக்கும் அதே பயம்தான் இருந்தது, அப்படியிருந்தும் பேசினாள்.

அடுத்த வாரம் சார் மதுரைக்கு அனுப்பிய பதில் கடிதத்தை டைப் செய்ததும் நான்தான். 'காரணம்: சோதனையாளரின் கவனக்குறைவு. நடவடிக்கை: ஆள் மாற்றப்பட்டார். தாள் மேம்படுத்தப்பட்டது.' வெள்ளிக்கிழமை மதியம் வேலையை முடிப்பதைப் பற்றியோ வேனைப் பற்றியோ அதில் ஒரு வார்த்தை இல்லை. தும்பை விட்டு வாலைப் பிடிப்பதை இதைவிட அழகாக யாரும் எழுத முடியாது. சான்றிதழ் வந்துவிட்டது. மாஜிதாக்கா இப்போது வடகரையில், வீட்டில் இருக்கிறாள். நான் போன் பண்ணவில்லை.

மாற்றிப் போட்ட ஆள் நான்தான்.

போன வெள்ளிக்கிழமை என் முதல் ரிலீஸ். மலையில் நல்ல சாரல். ஒரு மணிக்கு வேலை கைக்கு வந்தது, இரண்டரைக்கு ஹாரன் அடித்தது. மேம்படுத்திய தாளில் இப்போது எண்பத்தைந்து வரிகள். கடைசி வரி புதிது: 'மேற்கண்ட அனைத்தையும் உண்மையாகவே பார்த்தேன்.' முப்பத்தேழாவது வரியை மட்டும் இரண்டு தடவை பார்த்தேன். பிறகு ஜன்னலுக்கு வெளியே என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

எண்பத்தைந்துக்கும் டிக் போட்டுவிட்டுப் போய் ஏறினேன். ஐந்தருவியில் வேன் நின்றதும், "போனெல்லாம் யாருகிட்டலே குடுக்கது?" என்று பின்சீட்டிலிருந்து ஒருவன் கேட்டான். நான் என் பையைத் திறந்து நீட்டினேன்.