காயாத காலுறை

எங்கள் ஸ்டேஷன் சிம்பாங் ரெங்கம் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. கப்பல்களின் போன், இன்டர்நெட் எல்லாம் இங்கிருக்கும் டிஷ் வழியாகத்தான் சாட்டிலைட்டுக்கு ஏறும். சிக்னலுக்கு அவ்வளவு தூரம் போகத் தெம்பு கொடுப்பது ஆம்ப்ளிஃபையர். அது படுத்தால் உடனே கைமாற்ற இன்னொன்று வேண்டும். அந்த இரண்டாவதைப் பொருத்தியது நான். டிகிரித் திமிர் இறங்காத ஆள். பொருத்திய மறுவாரம் ஒரு நாள் மூன்று மணிக்குக் கஸ்டமர் முன்னால் டெஸ்ட்: முதலாவதை அணைத்ததும் இரண்டாவது வேலையை ஏற்க வேண்டும். தேறினால் என் வேலை நிரந்தரம்.

என்னை ஆச்சரியப்படுத்தியது ஒன்றுதான். காத்திருக்கும் ஆம்ப்ளிஃபையர் சும்மா இருப்பதில்லை. அதுவும் முழு மூச்சாக வேலை செய்கிறது. ஆனால் அதன் சக்தி டிஷ்ஷுக்குப் போகாமல், டம்மி லோட் என்ற இரும்புப் பெட்டிக்குள் போய் வெறும் சூடாக முடிகிறது. ஆளே இல்லாத மண்டபத்தில் மைக் பிடித்துக் கத்துகிற மாதிரி. எதற்கு இந்த வீம்பு என்று நாள் முழுக்க யோசித்திருக்கிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் லாபிஸ்கார அக்கா யோசிக்கவில்லை. மழையில் நனைந்த காலுறையை அந்தப் பெட்டிமேல் காயப்போட்டார். அரை மணியில் மொறுமொறு.

டெஸ்ட் நாளன்றும் காலையில் மழை; காலுறை பெட்டிமேல் ஏறியது. ஒரு மணிக்கு அக்கா கூப்பிட்டார்.

"டேய் இன்ஜினியர், என் ஸ்டோக்கின் இன்னும் ஈரமா இருக்குலா."

"மழைதானேக்கா. காத்துல ஈரம்."

"நாலு மணி நேரமாவா? கைய வச்சுப் பாரு."

வைத்தேன். பெட்டி ஜில்லென்றிருந்தது. ஆம்ப்ளிஃபையர் பேனலில் மட்டும் பச்சை விளக்கு.

"பச்சை எரியுதேக்கா!"

"கரண்டு வந்தா அது எரியும். உள்ள சிக்னல் போகுதா?"

பின்னால் குனிந்து பார்த்தேன். அலமாக்! முந்தின நாள் எறும்பு ஏறுகிறதென்று சிக்னல் கேபிளைக் கழற்றி, அது நுழையும் வாயில் ஒரு மூடியைத் திருகியிருந்தேன். சுத்தம் செய்ததும் மாட்டலாம் என்று கேபிளை ஓரமாகக் கட்டிவிட்டு, மறந்தே போனேன். இப்படியே டெஸ்ட் நடந்திருந்தால் அத்தனை கப்பலும் ஊமை.

மூடியைக் கழற்றிக் கேபிளை மாட்டினேன். பெட்டி மெல்லச் சூடேறியது. இருவரும் பேனலைப் பார்க்கவில்லை. காலுறையைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம்.

மூன்று மணிக்குப் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து கஸ்டமர் வந்தார். கப்பலில் இருந்த ஒருவரோடு போனில் பேசிக்கொண்டே தலையசைத்தார். முதல் ஆம்ப்ளிஃபையரை அணைத்தேன். 'டக்'கென்று இரண்டாவது ஏற்றுக்கொண்டது. பேச்சில் ஒரு சின்ன விக்கல், அவ்வளவுதான். அவர் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

பேனாவை எடுத்தவர் நின்றார். "தம்பி, அது என்ன ஸ்டோக்கின்?"

சமாளிக்க வாயெடுத்தேன். ஆனால் மூடி, எறும்பு, எல்லாம் சொல்லிவிட்டேன்.

"அப்ப பச்சை விளக்க நம்பி நான் கையெழுத்துப் போடணுமா? உள்ள சிக்னல் போகுதான்னு காட்ட ஒரு மீட்டர் மாட்டுங்க. அப்புறம் வர்றேன்."

வேலை நிரந்தரம் ஒரு வாரம் தள்ளிப்போனது. மீட்டர் மாட்டினேன், அவரும் வந்து கையெழுத்துப் போட்டார். அக்கா மட்டும் இன்னும் மீட்டரைப் பார்ப்பதில்லை. காலையில் வந்ததும் பெட்டிமேல் கை வைக்கிறார். அடுத்து நானும் வைக்கிறேன்.