பக்கத்து சீட்டு பிரேக்

எங்கள் அத்தை கார் ஓட்டப் பழக்கும் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். இந்தப் பத்தொன்பது வருஷமும் அவள் கார் ஓட்டியதில்லை. ஓட்டுவது பழக வந்தவர்கள். அத்தை பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. இந்த ஊர்ச் சுவர்கள் இன்னும் நிற்பது அந்த மிதியின் புண்ணியத்தில்தான். தண்ணீர்த் தொட்டி, மார்க்கெட் வளைவு, மைதானம், திரும்பி வா. மூன்றாம் கியருக்கு மேல் ஒன்று இருப்பது அந்தக் காருக்கே தெரியாது.

ஏற்றத்தில் காரை நிறுத்தி, பின் டயருக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி வைப்பாள். அதை நசுக்காமல் மேலே கிளப்ப வேண்டும். நசுக்கினால் மறுநாள் புதுப் பெட்டியோடு வர வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் தீப்பெட்டிக்காகக் கடைக்குப் போனதே இல்லை. அப்பா அவளிடம் பழகியபோது ஏழு நசுக்கினார். டெஸ்டில் இரண்டு முறை கோட்டையும் விட்டார்.

அத்தையிடம் பழகிய நர்ஸ் ஒருத்தி மலைமேல் கடைசிக் கிராமத்துக்கு மாற்றலாகிப் போய், அங்கிருந்து கடிதம் போட்டாள். ‘டீச்சர், ரோடு எங்க ஆஸ்பத்திரி வாசலோட முடியுது. அப்புறம் நடைதான். நாப்பத்தோரு வளைவு. ஒவ்வொண்ணுலயும் உங்க தீப்பெட்டிதான் ஞாபகம்.’

அத்தை அந்தக் கடிதத்தை மடித்து மடித்தே கிழித்துவிட்டாள். பிறகு அங்கே தானே ஓட்டிப் போவதென்று ஒரு நோட்டு வாங்கினாள். லைசென்ஸ் ஆபீசுக்கு வரும் லாரிக்காரர்களைப் பிடித்து, பெட்ரோல் கடைசியாக எங்கே கிடைக்கும், மழை பெய்தால் எங்கே கல் உருளும் என்று துருவினாள். வளைவுக்கு ஒரு வரி. ‘பதினேழு: இடப்பக்கம் சுவர் இல்லை. ஹாரன். முதல் கியர்.’ போக மூன்று நாள், வர மூன்று நாள். பள்ளியின் அந்தப் பழைய காரை முதலாளி விற்கப்போகிறார். விற்பதற்குமுன் பத்து நாள் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அதை விட்டால் அத்தைக்கு வேறு கார் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் ஒத்திகை. அத்தை ஸ்டியரிங் முன்னால், நான் பக்கத்தில். பழக்கதோஷம், அவள் கை ஸ்டியரிங்கைப் பக்கவாட்டிலிருந்தே பிடிக்கப் பார்த்தது.

“பாத்து ஓட்டுங்க மேடம், எங்க டீச்சர் பொல்லாதவங்க” என்றேன்.

“பல்லைக் கழட்டிடுவேன் வாலு.”

மூன்றாவது ஞாயிறு நான்காம் கியர் விழுந்தது. அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், கண்ணில் தூசி.

அப்புறம் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது.

“தனியாவா?”

“ஆமாண்ணா.”

“வழியில வண்டி நின்னா?”

“நின்னா ஏன்னு எனக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது.”

“வாயைப் பாரு. நான் லீவு போடறேன், கூட வரேன்.”

அப்பா வந்தால் அம்மா வர வேண்டும். அம்மா வந்தால் வெந்நீர் வருகிற ஓட்டல் வேண்டும். “ஆஸ்பத்திரியைப் பாக்க யாராவது மலை ஏறுவாங்களா?” என்றாள் அம்மா. ஒரே வாரத்தில் கிராமம் போய் ஏரி வந்தது. கிராமத்துக்கு ‘முடிஞ்சா போகலாம்.’ எங்கள் வீட்டில் அப்படிச் சொன்ன எதுவும் இதுவரை முடிந்ததில்லை.

“மலை ரோட்டுல நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காரு” என்றார் அப்பா. “உனக்குப் பழக்கம்தானே.”

அத்தை நோட்டை மூடினாள்.

என்னால் முடிந்தது ஒன்றுதான். கிளம்பும்போது பின்னால் ‘எல்’ போர்டைக் கட்டிவிட்டேன். முந்திப்போன லாரிக்காரர் ஒருவர் தலையை நீட்டி, “பதறாதீங்க பெரியவரே, டீச்சர் பக்கத்துலதானே இருக்காங்க” என்றார். அப்பாவுக்குக் காது சிவந்தது. அத்தை சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஏற்றத்தில் ரோடு இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ஏரி, வலது பக்கம் கிராமம். கார் குலுங்கி அணைந்தது.

“ஓட்டை வண்டி” என்று அப்பா சாவியைத் திருகினார். என்ஜின் உறுமியது, கார் நகரவில்லை. மறுபடியும் அணைந்தது.

“இறங்கித்தான் பாருங்களேன்” என்றாள் அம்மா.

பின் சீட்டிலிருந்து எனக்குத் தெரிந்தது. அத்தையின் செருப்பு பிரேக்கின்மேல் முழுசாக இருந்தது. அவள் வலது பக்கத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே முதல் வளைவு தெரிந்தது. மடியில் நோட்டு.

“அப்பா, அத்தை ஓட்டட்டும்” என்றேன்.

“நீ சும்மா இரு.”

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பின்னால் ஒரு பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. பத்தொன்பது வருஷமாக அவள் யாருடைய வழியையும் மறித்ததில்லை.

“பின்னால வண்டி நிக்குது” என்று சொல்லிக் காலை எடுத்தாள்.

கார் பின்னால் உருண்டது. அப்பாவுக்கு நெற்றி வியர்த்தது.

“அரை கிளட்ச்ண்ணா” என்றாள் அத்தை. “அப்படியே பிடி. இப்ப ஏத்து.”

அப்பா ஏற்றினார், இடது பக்கம் திருப்பினார்.