மூக்கில்லாத விமானி

தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் அந்த மனிதருக்கு அலுவலகத்தார் வைத்த பெயர் உப்புத்தாள். காரணம் இல்லாமல் இல்லை. பிளாஸ்டிக் மாதிரி விமானம் கட்டுவது அவர் பொழுதுபோக்கு. ஆனால் கட்டி முடித்ததைக் கண்டவர் கிடையாது. பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒன்றை வெட்டுவார், வெட்டிய இடத்தில் துருத்தும் பிசிறைப் பிளேடால் சீவுவார், முரட்டு உப்புத்தாளில் தேய்ப்பார், நைசுத் தாளைத் தண்ணீரில் நனைத்து மறுபடி தேய்ப்பார், கண்ணை மூடிக் கீழுதட்டில் உரசிப் பார்ப்பார். "இன்னும் கொஞ்சம்" என்று உதடு சொல்லும். பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவர் தேய்த்த இறக்கையில் உட்கார்ந்த ஈ வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டது என்றால் நம்புங்கள்.

அத்தனையும் நடந்தது சாப்பாட்டு மேஜையில். மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்த மனைவி ஒருநாள் பொங்கிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை உங்க மாதிரி விமானக் கிளப்புல கண்காட்சி. ஒரு விமானமாவது அங்க போகணும். இல்லேன்னா இந்த மேஜை என் தங்கச்சி வீட்டுக்குப் போகும்."

மேஜை போனால் அவருக்கு உயிரே போன மாதிரி. விழுந்தடித்து வேலை செய்தார். ஞாயிறு காலை விமானம் முழுசாக நின்றது. பாக்கி, சுண்டுவிரல் நகத்தளவு விமானி மட்டும். அவன் நெற்றியிலிருந்து தாடை வரை அச்சில் வார்த்தபோது விழுந்த கோடு மெல்லிசாக ஓடியது. ஒரே ஒரு தேய்ப்பு. கோடு போயிற்று, கூடவே மூக்கும்.

"ஐயையோ! வேற பெட்டி வாங்கி முதல்லேருந்து..."

"கொண்டாங்க இப்படி!" மனைவி அவர் கையிலிருந்த உப்புத்தாளைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வெட்டிய பிசிறுகளைக்கூட எறிய மனமில்லாமல் அவர் ஒரு பாட்டிலில் சேர்த்து வைத்திருந்தார். அதில் ஒன்றை ஊசிமுனையால் எடுத்து, பசை தொட்டு, விமானியின் முகத்தில் ஒட்டினாள். கோணலாக, புடைப்பாக நின்றது.

"இப்பத்தான் மூக்கும் முழியுமா இருக்கான்."

"உங்கப்பா மூக்கு மாதிரில்ல இருக்கு!"

"எங்கப்பா மூக்குக்கு என்ன குறைச்சல்? கிளம்புங்க."

கண்காட்சியில் நடுவர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். பதினோரு வருட இறக்கையைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். விமானியிடம் வந்ததும் சிரித்தார்.

"எல்லாரும் பொம்மையை உட்கார வைப்பாங்க. நீங்க மனுஷனையே உட்கார வெச்சிருக்கீங்க சார். யார் இவரு?"

"மாமனாருங்க" என்றார், மனைவியை ஓரக்கண்ணால் பார்த்து.

"தேய்க்காம விட்டீங்க பாருங்க, அதான் அழகு!"

'சிறந்த முகம்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். மேஜை தப்பியது. பேருந்தில் வரும்போது சான்றிதழின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். கொஞ்சம் சொரசொரப்பு. கை தானாகச் சட்டைப்பைக்குள் போயிற்று.

பக்கத்து இருக்கையில் மனைவி கைப்பையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.