முத்துச்சிப்பித் தோணி மலையேறி வந்தது

என்னைக் கட்டிக்கொள்ள வந்தவர் பூவும் பழமுமாக வரவில்லை, தோணியோடு வந்தார்! தூத்துக்குடிக் கடலில் அவருடைய தாத்தா முத்துச்சிப்பி எடுக்கப் போன மரத்தோணி. சிப்பி எடுப்பு நின்றபின் அது சங்கெடுக்கப் போனது, உப்பு மூட்டை சுமந்தது, கடைசியில் மணலில் கிடந்து காய்ந்தது.

அதை வரவழைத்தவர் என் அப்பா. குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கங்காணி. மலையிலேயே பிறந்தவர், கடலைக் கண்ணால் கண்டதில்லை. தோட்டத்தை ஒட்டிய ஏரிக்கு அக்கரையில் துரை புதிதாக இன்னொரு தோட்டம் போட்டிருந்தார். ஆட்களை மூங்கில் தெப்பத்தில் கொண்டுபோய் இறக்குவதற்குள் அப்பாவுக்கு உயிர் போய் உயிர் வரும். கடற்கரையில் வாழ்க்கைப்பட்ட அத்தை தன் மகனுக்கு என்னைப் பெண் கேட்டதும், ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"அந்தத் தோணியக் கொண்டாந்து ஏரியில ஓட்டிக் காட்டச் சொல்லு. ஓட்டினா பொண்ணு. இல்லன்னா தேயிலை ஆபீஸ் கிளார்க்குக்குப் பேசி முடிச்சிருவேன்."

அந்தக் கிளார்க்கை நான் பார்த்திருக்கிறேன். மாதாவே, வேண்டவே வேண்டாம்!

இரண்டு மாட்டுவண்டிகளைச் சேர்த்துக் கட்டி, கம்பம் பள்ளத்தாக்கு வெயிலில் வெந்து, மலைப்பாதையில் முட்டுக்கொடுத்து முட்டுக்கொடுத்துத் தோணி வந்து சேர்ந்தது. உள்பலகையில் சிப்பி வாடை இன்னும் போகவில்லை. தோட்டமே ஏரிக்கரையில் கூடிவிட்டது.

அத்தான் தோணியைத் தண்ணீரில் தள்ளினார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? கல்லைத் தூக்கித் தூக்கி உள்ளே போட்டு, அதை மூழ்கடித்தார்!

கரையே சிரித்தது. அப்பாவின் முகம் கறுத்துப் போயிற்று. "என்னலே, பைத்தியமா புடிச்சிருக்கு?"

"வெயில்ல பலகை சுருங்கிக் கெடக்கு மாமா. தண்ணி குடிச்சு ஊதினாத்தான் இடுக்கெல்லாம் அடையும். எங்க ஊர்ல காஞ்ச தோணிய இப்படித்தான் முதல்ல முங்க வைப்போம்."

அப்பா காதில் வாங்கவேயில்லை. கிளார்க் வீட்டுக்கு ஆள் அனுப்பப் போவதாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். எனக்கு அப்பாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கும்படி அம்மாதான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

ஞாயிறன்று பூசை முடிந்ததும் கல்லை எடுத்துப் போட்டுத் தண்ணீரை இறைத்தார்கள். தோணி மிதந்தது! சொட்டுத் தண்ணீர் உள்ளே ஊறவில்லை. அவர் துடுப்போடு ஏறி நின்று கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை. மூழ்கினதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஆயிற்றே.

"ஆள் ஏறாத தோணி எனக்கெதுக்கு?" என்றார் அப்பா.

நான் சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.

"ஏய், நில்லு!" அத்தான் துடுப்பைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். "பொம்பளை கால் இதுல படக் கூடாது. எங்க கடற்கரையில அப்படித்தான் வழக்கம்."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப தோணியோடவே குடும்பம் நடத்துங்க அத்தான். நான் கிளார்க் வீட்டுக்குப் போறேன்."

அவர் தோணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துடுப்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். பிடித்து ஏறினேன்.

அக்கரை போய் நாங்கள் திரும்பியபோது, ஏலக்காய் எடுக்கும் பெண்கள் முழங்காலளவு தண்ணீரில் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு அப்பா வந்து ஏறினார். பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு, "பாத்து ஓட்டுங்க மாப்ள," என்றார்.