ஆறு கரையைத் தின்ற ஊரில் எங்கள் அக்கா

எங்கள் அக்கா பிறந்தது பொதட்டூர்பேட்டையில். வாழ்க்கைப்பட்டது பெரியபாளையத்துக்குக் கிழக்கே, ஆரணியாற்றங்கரையில் ஒரு சிற்றூரில். கோடையில் அந்த ஆறு மணலில் நாலைந்து கால்களாகப் பிரிந்து ஓடும். பெருமழை வந்துபோனால் பெரிய கால் இடம் மாறிவிடும். அது இக்கரையோரம் ஒதுங்கிய பிறகு, மாமாவின் நெல் வயல் வரப்பு வரப்பாக ஆற்றில் சரிந்தது. சற்றுக் கீழே, எதிர்க்கரையோரம், புதிதாக ஒரு திட்டு ஏறியது.

வயல் போனதும் அக்கா கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமையல் வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்பியவர்கள் எங்கள் உறவில் ஒருவரும் இல்லை.

பிறகு ஒரு கார்த்திகையில் வெள்ளம் வீட்டுப் பின்சுவர் வரை வந்தது. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். நானும் உதவிக்குப் போயிருந்தேன். தண்ணீர் இறங்கியதும் ஊரே வீடு திரும்பியது. மாமாவும் போய்த் தம் கட்டிலில் படுத்துக்கொண்டார். அக்கா மட்டும் உள்ளே நுழையவில்லை. வெள்ளம் இருக்கும்வரை தாங்கி நிற்கும் ஈரக்கரை, தண்ணீர் இறங்கியதும் தன் பாரத்திலேயே சரியும் என்பதை வயல் போனபோதே பார்த்தவர் அவர்.

எவ்வளவு கூப்பிட்டும் மாமா அசையவில்லை. தாம் கட்டிய வீடு என்றார். அக்கா வாதாடவில்லை. தெருவில் மூன்று கல் வைத்துக் கருவாட்டுக் குழம்பு வைத்தார். வாசனை உள்ளே போனது.

"சோறு இங்கதான். வோணும்னா வந்து துன்னுங்க" என்றார்.

மாமா முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். இரண்டாம் முறை சோறு போடும்போது, பின்னறை கட்டிலோடு ஆற்றுக்குள் போனது. மாமா எச்சில் கையோடு அழுதார்.

"ஊடுதானே போச்சு. நீங்க கீறீங்க இல்ல?" என்று சொல்லி அக்கா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அதன்பின் கும்மிடிப்பூண்டியிலேயே குடியிருந்தார்கள். நெஞ்சு நோயில் படுத்த அக்கா, போன மாசியில் ஆற்றைப் பார்க்க ஆசைப்பட்டார். காரில் கூட்டிப்போனோம். வீடு இருந்த இடத்தில் தண்ணீர் ஓடியது. பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனபோது, திட்டு முழுக்கத் தர்பூசணிக் கொடி. பயிர் வைத்திருந்த குடும்பத்தார் யார் என்ன என்று கேட்காமலே ஒரு பழத்தை அறுத்துக் கொடுத்தார்கள். அக்கா சிரித்தார்.

"நம்ம கயனி மண்ணுடா தம்பி. நல்லாத்தான் வெளையுது."

கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஷிப்ட் முடிந்து அப்படியே ஓடிவந்த கேன்டீன் தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். பழைய ஊரார் சொல்லிச் செய்தி கேட்டு எதிர்க்கரையிலிருந்து வந்து பாடைக்குத் தோள் கொடுத்த அந்தத் தர்பூசணிக்காரர்களுக்கு வணக்கம் மட்டும் போதாது. அக்காவின் பெயரையே அவர்கள் அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.